நுரை நாட்களின் நீர்மட்டம்

எனக்கு ஆறுகள்மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவள், நீரியல் படித்தவள், இருபது வருடமாக ஆற்று வேலையிலேயே வயிறு வளர்ப்பவள், ஆற்றைப் பார்த்தால் உருகிப்போவாள் என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது அட்டவணை. கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண்ணை உட்காரவைத்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும். காலிக் கட்டத்தைக் கண்டால் எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

ஓசூருக்கு வந்ததும் அட்டவணை போடத்தான். தென்பெண்ணையிலும் அதில் வந்து சேரும் சிற்றாறுகளிலும் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்க அங்கங்கே நிலையங்கள் உண்டு. நிலையம் என்றதும் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். சில இடங்களில் ஆற்றோரம் நட்டுவைத்த, மீட்டர் கோடு போட்ட ஒரு பலகை. தினமும் போய் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ள அந்த ஊரிலேயே ஓர் ஆள். வேறு சில இடங்களில் பாலத்துக்கு அடியில் ஒரு சென்சார். அது தானாகப் பார்த்துத் தானாக அனுப்பிவிடும். இவை ஒவ்வொன்றுக்கும் ஆகிற செலவு என்ன, அங்கிருந்து வருகிற அளவுகளுக்கு அந்தச் செலவு தகுமா, எதை வைத்துக்கொள்ளலாம், எதை மூடலாம் என்று நான் சொல்ல வேண்டும். ஒன்பது மாத ஒப்பந்தம்.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு மாடிப் போர்ஷன் வாடகைக்குக் கிடைத்தது. தெரு முழுக்கக் கம்பெனி ஆட்கள். மூன்று ஷிஃப்ட் ஓடுகிற ஊரில் எந்த நேரமும் ஏதாவது ஒரு வீட்டில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. கீழ்வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம். பக்கத்துப் போர்ஷனில் திருநெல்வேலிக்காரர்கள். கொடியில் காயும் யூனிஃபார்ம்களாகத்தான் அவர்களை எனக்குத் தெரியும். எனக்குக் கல்யாணம் ஆகி, அது ஆகாமல் போய்ப் பதினோரு வருடம். அம்மா இல்லை. அண்ணன் தீபாவளிக்குக் கூப்பிடுவான். சனிக்கிழமை சாயங்காலம் கடையில் "கொத்தமல்லி ஒரு கட்டு" என்று கேட்டேன் என்றால், திங்கட்கிழமை காலைவரை என் குரல் எனக்கே கேட்காது. தனியாக இருப்பது பழகிவிடும் என்று சொல்வார்கள். எனக்குப் பழகவில்லை. அதைப் பற்றி வாய் திறக்காமல் இருக்க மட்டும் பழகியிருந்தேன்.

அட்டவணையை நன்றாகவே போட்டேன். ஒரு நிலையத்துக்குப் போய்வர ஆகும் செலவு, பக்கத்து நிலையம் எவ்வளவு தூரம், அளவுகள் விடாமல் வந்திருக்கின்றனவா, வெள்ளம் வந்தபோது அதைப் பிடித்ததா, அந்த அளவை யாராவது திறந்து பார்க்கிறார்களா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். செலவு குறைவு என்பதற்காக மட்டும் ஒன்றை வைத்துக்கொள்ள முடியாது. யாருமே பார்க்காத அளவு என்றால் அது சும்மா கிடைத்தாலும் தண்டம். கீழே இருக்கிற ஊர்களுக்குக் கொஞ்ச நேரம் முன்னாலேயே வெள்ளம் வருகிறது என்று சொல்லிவிடும் நிலையத்துக்கு எவ்வளவு கொட்டினாலும் தகும். இதையெல்லாம் யோசித்து யோசித்து மதிப்பெண் போட்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அதில் ஏழாம் எண் நிலையம் ஒரு பலகை. ஓசூரைத் தாண்டி ஆற்றோரக் கிராமம் ஒன்றில் இருந்தது. அதன் பதிவில் ஓட்டை ஓட்டையாகக் காலிக் கட்டங்கள். எட்டாம் எண், அதிலிருந்து ஒரு கிலோமீட்டர் கீழே பாலத்தில் இருந்த சென்சார். ஒரு நாள்கூட விடவில்லை. அதோடு, ஏழு கோட்டைவிட்ட சில வெள்ளங்களை எட்டு அழகாகப் பிடித்திருந்தது. மலை மலையாக ஏறி இறங்கும் கோடு. எட்டுக்கு வெள்ளத்துக்கான கூடுதல் மதிப்பெண்ணைத் தாராளமாகப் போட்டேன். ஏழுக்குச் சிவப்பு அடித்து, மூடலாம் என்று எழுதினேன்.

அப்போது நான் ஏழாம் நிலையத்தைப் பார்த்திருக்கவில்லை. சென்னையில் என் மேலதிகாரி ஏதோ கூட்டத்துக்காக அவசரப்படுத்தினார். மேலே "முதல் வரைவு, களப்பார்வை முடியவில்லை" என்று சின்ன எழுத்தில் போட்டு அனுப்பிவிட்டேன். எங்கள் தொழிலில் இது சகஜம். முதலில் மதிப்பெண், பிறகு ஆறு. பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் எல்லோரும் செய்கிறோம்.

இரண்டு வாரம் கழித்துத்தான் ஏழாம் நிலையத்துக்குப் போனேன். பலகை பார்க்கிறவர் ஒரு பெண். ஐம்பதைத் தாண்டியவர். ரோஜாத் தோட்டத்துப் பாலித்தீன் கூடாரத்தில் பூப்பறிக்கும் வேலை, வீட்டில் ஓர் எருமை. கணவர் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன், முக்கால்வாசி நாள் அங்கேயே. என்னிடம் தமிழ், எருமையிடம் தெலுங்கு, கடைக்காரரிடம் கன்னடம் என்று மூன்றும் தட்டாமல் வந்தன. நான் அட்டவணைக்காரியின் எரிச்சலோடுதான் பேச்சை ஆரம்பித்தேன்.

"என்னக்கா, இத்தனை நாள் பார்க்காமலே விட்டிருக்கீங்க?"

"விடலீங்க மேடம். போனனுங்க. நுரை நின்னுச்சு, பலகையே தெரியலீங்க."

உள்ளே போய் ரிஜிஸ்டரை எடுத்து வந்தார். நான் கம்ப்யூட்டரில் காலியாகப் பார்த்த ஒவ்வொரு நாளுக்கும் நேராக, குண்டுக் கையெழுத்தில், "நுரை. தெரியலை" என்று எழுதியிருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் என்ன செய்வார், பாவம். அந்தக் கட்டம் எண்ணை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும்.

ஓசூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நுரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து கழிவு கலந்து வரும் தண்ணீர் சில நாட்களில் நுரைத்துக்கொண்டு வரும். ஆள் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று நிற்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். எனக்கும் இது தெரியும். தெரிந்தும் அதை அட்டவணையோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

"ஒரு குத்துமதிப்பா போட்டிருக்கலாமே? மத்த ஊர்ல எல்லாம் அப்படித்தான் போடறாங்க" என்றேன்.

"ஆபீஸ்லயும் அதான் சொன்னாங்க. நேத்து எழுதுனதையே இன்னிக்கும் எழுதும்மான்னாங்க. நேத்து தண்ணி நேத்தே போயிடுச்சுங்களே. பாக்காததை எப்படி எழுதறதுங்க?"

எனக்குச் சுருக்கென்றது. நுரை வரும் நாளில் என்னைக் கூப்பிடுங்கள் என்று நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆறேழு நாளில் கூப்பிட்டார், போனேன். மூங்கில் கழி ஒன்றை வைத்து இரண்டு பேருமாக நுரையை ஒதுக்கி ஒதுக்கிப் பலகையைக் கண்டுபிடித்தோம். ஒன்று பத்து. ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர், சாதாரணத் தண்ணீர். அங்கேயே நின்று போனில் எட்டாம் எண் சென்சாரைத் திறந்து பார்த்தேன். கோடு கிடுகிடுவென்று ஏறி இரண்டரையைத் தொட்டிருந்தது. சென்சார் மேலே இருந்து பார்க்கிறது. அதன் கண்ணுக்கு நுரையின் தலைதான் தண்ணீர். நான் பெருமையோடு கூடுதல் மதிப்பெண் போட்ட வெள்ளங்கள் எல்லாம் நுரை.

அன்றைக்கே அட்டவணையைத் திருத்தினேன். ஏழாம் எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும், அது இல்லாமல் எட்டை நம்ப முடியாது என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதிச் சென்னைக்கு அனுப்பினேன். திருத்தத்துக்குச் சான்று சேர்க்க வேண்டும் என்று, தினமும் காலை எட்டு மணிக்கு எனக்கும் ஒரு போன் போட்டு அளவைச் சொல்லும்படி அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

அந்த வேலைக்கு அவருக்குக் கிடைத்தது பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தன் பெயரில் வரும் பணம் என்று சொல்வார். பால் பணம் வீட்டுக்கு, பூப்பறிக்கிற கூலி சீட்டுக்கு, இது மட்டும் அவருக்கு. ஊரில் அவரை ஆபீஸ்காரம்மா என்று கேலியாகக் கூப்பிடுவார்களாம். கேலி என்று தெரிந்தும் அவருக்கு அது பிடித்திருந்தது. "இது போச்சுன்னா நான் வெறும் எருமைக்காரிதாங்க" என்று ஒரு நாள் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

முதல் வாரம் போன் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். "ஒண்ணு பதினஞ்சுங்க மேடம்." "சரிங்கக்கா." பிறகு, சாப்பிட்டீங்களா என்று கேட்க ஆரம்பித்தார். என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டார். இட்லி என்று நான் ஒரு நாள் பொய் சொல்ல, "சட்டினி என்ன?" என்று அடுத்த கேள்வி வந்து மாட்டிக்கொண்டேன். பிஸ்கட்தான் என்று ஒப்புக்கொள்ளும்வரை விடவில்லை. முட்டிவலியைப் பற்றிச் சொல்வார். கரையில் இருந்து பலகைக்கு இறங்குகிற இறக்கம் செங்குத்து, மழை பெய்தால் வழுக்கும், இறங்கி ஏறக் கால் மணி நேரம் ஆகிறது என்பார். எப்போது என்று நினைவில்லை, மேடம் போய்க் கண்ணு வந்தது. என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். என்னைக் கண்ணு என்று கூப்பிட அப்போது உலகத்தில் வேறு ஆள் கிடையாது. எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே குளித்து முடித்துப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

மாதக் கடைசியில் சென்னையிலிருந்து பதில் வந்தது. என் முதல் வரைவு கூட்டத்தில் ஏற்கப்பட்டுவிட்டது. சின்ன எழுத்தை யாரும் படிக்கவில்லை. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து ஏழாம் நிலையம் கிடையாது. நுரை விஷயம் கவனிக்கத்தக்கது, பின்னால் சாஃப்ட்வேரில் சரிசெய்யலாம், உங்கள் திருத்தம் கோப்பில் சேர்க்கப்பட்டது. மேலதிகாரிக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க அனுப்பினதைத்தானே மேடம் வச்சோம்?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அன்றைக்கே பஸ் ஏறிப் போய் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் எட்டு மணிக்குப் போன் வந்தது. "ஒண்ணு பதினெட்டு கண்ணு." எழுதிக்கொண்டேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். உப்புமா என்றேன், அன்றைக்கு நிஜமாகவே கிண்டியிருந்தேன். சொல்லவில்லை.

அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. ஒன்றாம் தேதி வந்து போனது. போன் நிற்கவில்லை. ஆபீஸ் தபால் நடந்துதான் வரும், அவருக்கு இன்னும் தகவல் போகவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். மேல்முறையீடு எழுதப் போகிறேன், அதற்கு இந்த அளவுகள் வேண்டும் என்று எனக்கே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டேன். மேல்முறையீட்டில் ஒரு வரி எழுதவில்லை. உண்மை என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் போன் நின்றுவிடும். முட்டிவலியோடு ஒருத்தி கூலி இல்லாத வேலைக்குத் தினமும் அந்த இறக்கத்தில் இறங்கி ஏறுகிறாள், எனக்குக் காலையில் ஒரு குரல் கேட்க வேண்டும் என்பதற்காக. தெரிந்தேதான் அவரை இறங்கவிட்டேன். நோட்டில் தேதி போட்டு, அளவு எழுதி, அடிக்கோடு போட்டேன்.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் எட்டு மணிக்கு, "ஒண்ணு இருவத்திரெண்டு கண்ணு, தண்ணி தெளிவா இருக்குது" என்றார். எழுதிக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்கு வேறொரு நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஒன்பது மணிவாக்கில் பஸ் எட்டாம் எண் சென்சார் இருக்கும் பாலத்தில் ஏறியபோது டிரைவர் வேகத்தைக் குறைத்தார். கண்டக்டர் ஜன்னலை மூடச் சொன்னார். ஆற்றை அடைத்துக்கொண்டு நுரை. காற்றில் பிய்ந்து கட்டிக் கட்டியாக ரோட்டில் வந்து விழுந்தது. ஜனங்கள் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து சீட்டுக்காரரிடம், எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். "நேத்து சாயங்காலத்துலேர்ந்துங்க" என்றார்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று வாரமும் ஒரு நாள் விடாமல் எண் இருந்தது. ஒன்று பதினேழு, ஒன்று இருபது, ஒன்று பத்தொன்பது. காலிக் கட்டமே இல்லை. இருபது வருட அனுபவம், ஒரு பதிவைப் பார்த்ததும் கள்ளக் கணக்கு என்று கண்டுபிடித்துவிடுவேன் என்ற பெயர் வேறு. என் கையாலேயே எழுதியதை எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

அவர் வாசலில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"இன்னைக்கு ஆத்துக்குப் போனீங்களா அக்கா?"

"போகல கண்ணு" என்றார்.

"நேத்து?"

"ஒண்ணாந் தேதியிலேர்ந்தே போகல. ரெண்டு ஆளுங்க வந்து பலகையை அறுத்து எடுத்துகினு போயிட்டாங்க. ரிஜிஸ்டரையும் வாங்கிகினாங்க. வேலை முடிஞ்சுதும்மான்னு சொன்னாங்க."

"அப்ப எனக்குச் சொன்ன அளவெல்லாம்?"

"சும்மா சொன்னது."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. "உங்களை நம்பி எழுதிகிட்டிருந்தேன். பாக்காததை எழுத மாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று கத்தினேன். எருமை மிரண்டு நகர்ந்தது. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே அவர் நிதானமாகப் பேசினார்.

"மறுநாள் காலையில உங்களுக்குப் போன் போட்டதே அதைச் சொல்லத்தான். வேலை போயிடுச்சு, இனிமே கூப்பிட மாட்டேன்னு சொல்லிடலாம்னு. முதல் ரிங்குலயே எடுத்தீங்க. எடுத்ததும், 'அக்கா, எவ்ளோ?'ன்னு கேட்டீங்க. அவ்ளோ சந்தோசமா கேட்டீங்க. எனக்கு வாய் வரல. வாயில வந்த நம்பரைச் சொல்லிட்டேன். அப்புறம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு போயிடுச்சு. பாவம், உங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சா மனசு கஷ்டப்படுமேன்னு இருந்தேன்."

அவர் அப்படி நினைத்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். அழுது, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பி வந்திருக்கலாம்.

"எனக்குத் தெரியும் அக்கா" என்றேன். "ஒண்ணாம் தேதிக்கு முன்னாலேயே தெரியும். மூடச் சொல்லி முதல்ல எழுதினதே நான்தான். இங்க வந்து பார்க்கிறதுக்கு முன்னாடி எழுதிட்டேன். அப்புறம் மாத்தச் சொன்னேன், மாத்தல."

அவர் கை எருமையின் கழுத்தில் அப்படியே நின்றது. வேலை போனதற்கு நான் காரணம் என்பதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"தெரிஞ்சுதான் தினம் எவ்ளோன்னு கேட்டீங்களா?"

"ஆமாம்."

"நான் அந்தப் பள்ளத்துல இறங்கிப் பாத்துட்டு வந்துதான் சொல்றேன்னு நெனச்சுகினா?"

"ஆமாம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வார்த்தையைத் தேடுகிறவர் மாதிரி உதட்டை அசைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"அவ்ளோ தனியாவா இருக்கீங்க?"

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அண்ணன் கேட்டதில்லை, அம்மா இருந்தவரை அம்மாவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், வேலை இருக்கிறது, நேரம் சரியாக இருக்கிறது என்று எதையாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அவரிடம் மழுப்ப முடியவில்லை. தலையை ஆட்டினேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

அவர் உள்ளே போய் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். பிறகு, தோட்டத்துக்கு நேரமாகிறது என்று சொல்லி எருமையை அவிழ்த்துக்கொண்டு போனார். பஸ் நிறுத்தம்வரை நுரை நாற்றம் கூடவே வந்தது.

மறுநாள் எட்டு மணிக்குப் போன் வரவில்லை. எட்டரைவரை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பூட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.